எது உடைந்தாலும் அக்காதான்

எங்கள் பட்டறையில் எது உடைந்தாலும் அதை அக்காதான் உடைத்திருப்பார். எது தொலைந்தாலும் அவர்தான் தொலைத்திருப்பார். அப்படித்தான் அவர் சொல்வார். "நான்தான் லா, விடுங்க" என்று ஒரு வார்த்தை. அதற்குமேல் விளக்கம் இல்லை. குனிந்த தலை நிமிராது. கையில் இருக்கிற வேலை நிற்காது.

மலேசியாவில் ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில், கடை வரிசைக்குப் பின்னால் இருந்தது அந்தப் பட்டறை. ஜப்பானிலிருந்து பழைய பியானோக்கள் கொண்டெய்னரில் வந்து இறங்கும். யார் வீட்டுப் பிள்ளைகளோ வாசித்து, வளர்ந்து, விட்டுப் போனவை. அவற்றைப் பிரித்துச் சுத்தம் பண்ணி, பழுது பார்த்து, ஜொகூர் பாருவிலும் கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரிலும் விற்பார் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் முதலாளி. நான் அங்கே கூட்டித் துடைக்கத்தான் போனேன். ஆள் பற்றாமல் போனபோது சுத்தியல் தேய்க்க உட்கார வைத்தார்கள். அதற்குச் சில வருடம் கழித்து அக்கா வந்தார். பக்கத்தில் ஒரு எலெக்ட்ரோனிக் ஃபேக்டரியை மூடியதில் வேலை போய் வந்தவர். வயதில் என்னைவிட மூத்தவர், பட்டறையில் என்னைவிடப் புதியவர். அதனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் அதட்டிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. நல்லதுதான்.

பியானோவுக்குள் சுத்தியல் இருப்பது வெளியே தெரியாது. மேலே கட்டையை விரலால் அமுக்கினால், உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் எழுந்து போய்க் கம்பியை அடிக்கும். சுத்தியல் என்றால் இரும்பு இல்லை. மரத்துண்டின் தலையில் கம்பளியை இறுக்கி ஒட்டியது. முட்டையின் கூரான பக்கம் மாதிரி இருக்க வேண்டும். கம்பியை அடித்து அடித்து அந்த முனை தட்டையாகிவிடும். கம்பி பதிந்த இடத்தில் கோடு கோடாகப் பள்ளம் விழும். அப்புறம் சத்தம், தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரிதான். சேண்ட்பேப்பரை நாடாவாக வெட்டி, அந்தக் கோடு மறைகிறவரை கம்பளியைத் தேய்த்து, முட்டை முனையைத் திரும்பக் கொண்டுவருவது என் வேலை. எனக்குப் பிறகு அக்கா. ஒரு மரப்பிடியில் மூன்று ஊசி சொருகியிருக்கும். அதனால் சுத்தியலின் இரண்டு தோளிலும் குத்தி, கல்லாகிப்போன கம்பளியை இளக்குவார். உச்சியில் குத்தக் கூடாது. குத்தினால் சத்தம் செத்துவிடும்.

"ஏசுறதப் பேச வைக்கணும். அவ்வளவுதான் நம்ம வேல" என்பார் அக்கா.

நான் கட்டையை ஒவ்வொன்றாக அமுக்குவேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். "இது பேசுது. இதுவும் பேசுது. ம்ஹூம், இது ஏசுது, நிப்பாட்டு." அந்தச் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு, ஊசி போடும் நர்ஸ் குழந்தையிடம் சொல்வது போல, "பொறு, பொறு, ஆச்சு" என்று குத்துவார். மழைக் காலத்தில் கம்பளி ஈரம் குடித்து ஊதிவிடும். "எல்லாத்துக்கும் சளி புடிச்சிருக்கு. இன்னிக்குக் குத்தக் கூடாது. குத்தினா இன்னிக்கு நல்லா இருக்கும், ஏர்கோன் ரூமுக்குப் போனதும் மறுபடி ஏசும்" என்று ஊசியை வைத்துவிடுவார்.

எங்கள் தவுக்கே சீனர். லாயாங் லாயாங் என்ற ஊரில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி அவர் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் படித்தவர். அதனால் யாரானாலும் அவருக்கு "வா, போ"தான். நல்ல மனிதர், ஆனால் ஒன்று கெட்டுப்போனால் அதைச் செய்தது யார் என்று தெரியாமல் அவரால் இருக்க முடியாது. பட்டறையையே நிறுத்திவிடுவார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள் லாரி ஓட்டும் கணேசன், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பியானோவின் மூலையை இரும்புக் கதவில் இடித்துவிட்டான். பளபளவென்று பூசி வைத்த கறுப்பு பெயர்ந்துவிட்டது. தவுக்கே ஓடி வந்தார்.

"யாரு? யாரு செஞ்சது?"

கணேசன் லாரி டயரை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு நின்றான்.

உள்ளே இருந்து அக்கா குரல் வந்தது. "நான்தான் தவுக்கே."

"நீயா? நீ உள்ள ஊசி குத்திக்கிட்டு இருக்க. லாரி வெளிய. எப்படி நீ?"

"கதவ முழுசாத் தொறந்து வச்சிருக்கணும். காலையில தொறந்தது நான்தானே."

"அலமாக்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் தவுக்கே. பிறகு சிரித்துவிட்டு, பெயிண்ட் பூசுகிறவனைக் கூப்பிட்டார். அவ்வளவுதான், பட்டறை மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

அக்கா மாதா கோவிலுக்குப் போகிறவர். அன்று பசியாறும் நேரத்தில் கணேசன் கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டான்: "ஏன்க்கா, நீங்க பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா பாதர் என்ன சொல்வாரு? இது ஒன் பாவமா, கணேசன் பாவமா, மொதல்ல அதச் சொல்லுன்னு கேக்க மாட்டாரா?"

"ஒன் பாவத்தச் சொல்லி முடிக்கவே நேரம் பத்தல. என் பாவத்துக்கு எங்கடா போறது?" என்றார் அக்கா. கணேசனுக்குக் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது.

இன்னொரு தடவை மத்தியானத்தில் திடீரென்று விளக்கெல்லாம் அணைந்து, காற்றாடி நின்றுவிட்டது. "யாருடா கரண்ட அடச்சது?" என்று தவுக்கே கத்தினார். அக்கா பழக்கத்தில், "நான்தான் தவுக்கே" என்றார். வெளியே வந்து பார்த்தால் அந்த வரிசை முழுக்கக் கடைக்காரர்கள் நடைபாதையில் நின்று விசிறிக்கொண்டிருந்தார்கள். தம்போயில் பாதிக்குக் கரண்ட் இல்லை. "அம்மாடி, இவ்வளவு பெரிய வேலய ஒத்தையில செஞ்சிட்டீங்களே" என்று கணேசன் அவரைக் கும்பிட்டான். அக்காவும் சிரித்தார். சிரிக்கும்போதும் அவர் முகத்தில் அசதி இருக்கும். நாலு வீட்டு வேலையைச் செய்துவிட்டு வந்த ஆள் மாதிரி.

ஒருநாள் நான் கேட்டேன். எனக்கு யாரிடமும் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தோம், அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, அதனால் கேட்க முடிந்தது.

"ஏன்க்கா எல்லாத்தையும் நீங்க எடுத்துக்கிறீங்க?"

"யாரு யாருன்னு கேட்டுக்கிட்டே இருக்கிற வீட்டுல பாதி வாழ்க்க இருந்துட்டேன், தங்கச்சி. தட்டு விழுந்தாலும் யாரு, புள்ள அழுதாலும் யாரு. அவரு கேக்கிறதுக்கு முன்ன நான்தான்னு சொல்லிட்டா சத்தம் சின்னதா முடிஞ்சுடும். புள்ளைங்க மேல போவாது." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "அந்த மனுஷன் போய்ச் சேந்துட்டாரு. வாய் மட்டும் இன்னும் சொல்லிக்கிட்டுக் கெடக்கு."

இதை எழுதும்போது அவரைப் பற்றி நல்லதாக மட்டும் சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பழக்கம் பட்டறைக்கு நல்லது செய்யவில்லை. திருகாணியை எடுத்த இடத்தில் போடாமல் போனார்கள். பசை மூடியைத் திறந்தபடி விட்டுப் போனார்கள். "அக்கா இருக்காங்கல்ல" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் சிரிப்பான். அவர் காதில் விழும். ஊசி ஒரு வினாடி நிற்கும். பிறகு குத்தும். நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அவரை ஒரு குப்பைக்கூடை மாதிரி ஆக்கிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றும். நான் வாய் திறக்கிற ஆளில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார்.

கடைசி வருடத்தில் அவருக்கு வேலை மெதுவாகிவிட்டது. நான் தேய்த்துக் கொடுத்த சுத்தியலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். மறுபடி பார்ப்பார். பிறகு என் சேண்ட்பேப்பர் தாளை எடுத்து அவரே இன்னும் இரண்டு இழுப்பு இழுப்பார்.

"இந்த ஜப்பான்காரனுங்க ரொம்ப அழுத்தி வாசிப்பாங்க போல. கோடு போவ மாட்டேங்குது பாரேன்" என்பார்.

எனக்குக் கோடு தெரியாது. ஆனால் அவர் கண் என் கண்ணைவிடக் கூர்மை என்று நினைத்துக்கொள்வேன். அவருக்கு இனிப்பு நீர் உண்டு, காலையில் சர்க்கரைக்கு மாத்திரை போடுவார் என்பது தெரியும். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு அப்போது தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய பியானோ திரும்பி வந்தது. சிங்கப்பூரில் ஒரு இசைப்பள்ளிக்குக் கொடுத்தது. அந்தப் பள்ளி பிடித்திருந்தால் இன்னும் பல பியானோ எடுப்பதாக இருந்தது. தவுக்கே அதை நம்பிப் பக்கத்துக் கடையையும் வாடகைக்குப் பேசி வைத்திருந்தார். போகும்போது அது நன்றாகத்தான் பாடியது. சில மாதம் பிள்ளைகள் அடித்ததும், மேல் கட்டைகளை அமுக்கினால் "டக், டக்" என்று மரக்கட்டை சத்தம் வருகிறதாம். சிங்கப்பூரிலிருந்து வரும் பாலத்தில் வண்டி நெரிசலில் பாதி நாள் காய்ந்து, கணேசன் அதைக் கொண்டுவந்து இறக்கினான்.

தவுக்கே உள்பாகத்தை வெளியே இழுத்து மேசையில் வைத்தார். நாங்கள் சுற்றி நின்றோம். மேல் பக்கத்துச் சுத்தியல்களில் கம்பளியே இல்லை. அங்கே ஏற்கெனவே கம்பளி மெல்லியதாகத்தான் இருக்கும். அதைத் தேய்த்துத் தேய்த்துத் தோலாக்கி அனுப்பியிருக்கிறோம்; பிள்ளைகள் அடித்த அடியில் அந்தத் தோலும் கிழிந்து, உள்ளே இருந்த மரம் பல் மாதிரித் தெரிந்தது.

"யாரு தேச்சது?"

அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான்தான் தவுக்கே" என்றார் அக்கா.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தவுக்கே கையை உயர்த்தினார். "நீ சும்மா இரு லா. கரண்ட் போனாலும் நீதான், மழ பேஞ்சாலும் நீதான். இது வெளையாட்டு இல்ல." என் பக்கம் திரும்பினார். "தேய்க்கிறது யாரு வேல? நீ சொல்லு."

தேய்ப்பது என் வேலைதான். அது எல்லாருக்கும் தெரியும்.

நான் அந்தச் சுத்தியல்களைப் பார்த்தேன். எத்தனையோ பியானோ தேய்த்திருக்கிறேன். இதை இப்படித் தேய்த்த ஞாபகம் எனக்கு இல்லை. தேய்க்கவில்லை என்ற ஞாபகமும் இல்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்துக் கிடந்தார். வீட்டில் சம்பாதிக்க என்னை விட்டால் வேறு ஆளில்லை. ஐம்பது தாண்டியவளை, ஆறாம் வகுப்பு மட்டும் படித்தவளை, வேறு எங்கே வேலைக்கு வைப்பார்கள்? அதெல்லாம் அந்த நேரத்தில் தெரியாமல் இல்லை. ஆனாலும் அத்தனை கண்ணும் என்மேல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அது முடிந்தால் போதும் என்று இருந்தது. அக்கா எப்போதும் செய்வதைத்தான் இப்போதும் செய்கிறார், என் தப்பை எடுத்துக்கொள்கிறார் என்று நானே நம்பிவிட்டேன். தலையை ஆட்டினேன்.

"சரி. இந்த மாசத்தோட நீ நின்னுக்க" என்றார் தவுக்கே.

பெரிய சத்தம் கேட்டது. அக்கா உள்ளங்கையால் மேசையில் அறைந்திருந்தார். சுத்தியல்கள் எல்லாம் ஒருதரம் எழும்பி விழுந்தன. அவருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். கோபம் தவுக்கே மேல் இல்லை. என் மேல்.

"எதுக்குடி தலைய ஆட்டுற? நீயா தேச்ச? பாத்தியா? செய்யாதத எதுக்கு ஒத்துக்கிற?"

"அக்கா, நீங்களும் இப்படித்தானே..."

"அதனாலதான் சொல்றேன். சொல்லிச் சொல்லி என் வாய்க்கு இன்னிக்கு மதிப்பில்லாம போச்சு, பாத்தியில்ல? நெசத்தச் சொன்னா சிரிக்கிறாங்க. நீயும் அப்படி ஆயிடாத." மூச்சு வாங்கியது அவருக்கு. "தவுக்கே, இவ சரியாத்தான் தேச்சுக் குடுத்தா. அதுக்கு மேல தேச்சது நான்."

தவுக்கே சலித்துப்போய்க் கையை விரித்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அக்கா சுற்றிலும் பார்த்தார். தவுக்கேயின் அலமாரியில் புதிய சுத்தியல்கள் பெட்டியோடு இருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்தவை, எந்தப் பியானோவிலும் ஏறாதவை. "அதுல ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றார். தவுக்கே யோசித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். பாலாடை மாதிரி வெள்ளையாக இருந்தது.

அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"தவுக்கே, இதுல கோடு இருக்கா?"

"எங்க கோடு? புதுசு லா அது."

"எனக்குத் தெரியுது. நடுவுல ஒண்ணு, பக்கத்துல மெல்லிசா ஒண்ணு."

அவர் உட்கார்ந்து தாளை எடுத்து இழுத்தார். கம்பளித் தூசி மடியில் விழுந்தது. தூக்கிப் பார்த்தார். இழுத்தார். மறுபடி தூக்கிப் பார்த்தார். அவர் கை நன்றாகத்தான் வேலை செய்தது. ஆட்டம் இல்லை, கோணல் இல்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு நல்ல சுத்தியல் கரைந்துகொண்டே போனது. யாரும் சிரிக்கவில்லை. கணேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

தவுக்கே அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "போதும். நிப்பாட்டு."

"போயிடுச்சா?"

"இல்லாதது எப்படிப் போவும்?"

அக்கா தாளைக் கீழே வைத்தார். "தீவாளிக்கு முன்னயிருந்தே இருக்கு தவுக்கே. நூல் மாதிரி ஓடும். செவுத்துல பாத்தேன், சோத்துல பாத்தேன். அதெல்லாம் கண்ணுலதான் இருக்குன்னு தெரியும். சுத்தியல்ல இருக்கிறது மட்டும் நெசம்னு நெனச்சுட்டேன்."

தவுக்கே அந்தப் பாதிச் சுத்தியலைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீ இரு. ஒன் வேல ஒனக்கு" என்றார். அக்காவைப் பார்த்தார்.

"நீங்க..." என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் ஒட்டவில்லை. "நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. கண்ணக் காட்டுங்க. மத்தது அப்புறம் பாக்கலாம்."

மத்தது என்று அவர் சொன்னது என்ன என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவர் ஊசிப்பிடியைத் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். கம்பளித் தூசியைப் புடவையிலிருந்து தட்டினார். கணேசன் லாரியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். வேண்டாம் என்றார். "நீ கூடப் போய்ட்டு வா" என்று தவுக்கே எனக்குக் கண்ணால் காட்டினார்.

மத்தியான வெயில். பெரிய ரோட்டில் மோட்டார் சைக்கிள்கள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. பஸ் நிற்கிற இடத்தில் இரும்புப் பலகையில் உட்கார்ந்தோம். அதன் சூடு புடவையைத் தாண்டி உறைத்தது. எனக்கு எதையாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. உங்களால் என் வேலை தப்பித்தது என்று சொன்னால், உங்கள் வேலை போயிற்று என்று சேர்த்துச் சொன்னதாகிவிடும்.

அவர்தான் பேசினார். "கோவிச்சுக்கிட்டியா?"

"இல்லக்கா."

"வலிக்கிற மாதிரி ஏசிட்டேன்."

"பரவால்லக்கா."

"ம்" என்றார். "ரொம்ப அசதியா இருக்கு புள்ள. இன்னிக்கு மட்டும் இல்ல. ரொம்ப நாளா."

ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் என் தோளில் ஏதோ பாரமாக வந்து அழுந்தியது. திரும்பினேன். தூங்கிவிட்டிருந்தார். பாத்திரம் மடியில் இருந்தது, கை அதன்மேல் திறந்து கிடந்தது. வாய் லேசாகப் பிளந்திருந்தது. அந்த முகத்தில் யாருக்கும் பதில் சொல்லுகிற அவசரம் இல்லை.

அவருடைய பஸ் வந்தது. வேகத்தைக் குறைத்து, கதவைத் திறந்து, டிரைவர் எங்களைப் பார்த்தார். இரண்டு பேரில் யார் ஏறப் போகிறோம் என்று காத்திருந்தார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. தோளை அசைக்காமல் நான் கையை மட்டும் தூக்கி, வேண்டாம், போங்கள் என்று காட்டினேன்.

அடுத்து வந்த பஸ்ஸையும் அப்படியே அனுப்பினேன்.